ரவிக்கைத் துணிப் போர்வைக்கு இரண்டு கரைகள்

இன்று காலை கோட்டூர்புரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெரிய துணிப்பையிலிருந்து தான் தைத்த ஒட்டுப் போர்வையை எடுத்து என் மேசைமேல் விரித்தாள். சதுரம் சதுரமாக இணைத்த நடுப்பகுதி நன்றாகவே வந்திருந்தது. சுற்றிலும் வைத்த கரைதான் படியவில்லை. இங்கே கையால் அமுக்கினால் அங்கே எழும்பியது.

"எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படிய மாட்டேங்குது மேடம்" என்றாள்.

"இது போர்வை இல்லைம்மா, பொரிச்ச அப்பளம்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது, பிறகு சிரித்துவிட்டாள். அது என் வாக்கியம் இல்லை, உன்னுடையது. நீ போய் இது இரண்டாவது மார்கழி. இத்தனை நாளில் உன் வார்த்தையை உன் தொனியிலேயே நான் சொல்லி என் காதால் கேட்டது இன்றைக்குத்தான்.

கரையைப் பிரித்துவிட்டு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குக் காட்டி அனுப்பினேன். இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருக்கிறது. கஞ்சி போட்ட பருத்தித்துணி காய்ந்த வாசனை அறை முழுக்க நிற்கிறது. அடுத்த ஆள் வருவதற்குள் உனக்கு இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எனக்கு யார் என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. முறைப்படி நாத்தனார். அதுவும் பழைய நாத்தனார். அப்படி ஒரு முறை உண்டா என்று தெரியவில்லை. கல்யாணமாகி மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு உன்னைவிட ஒரு வயதுதான் அதிகம். அண்ணன் மனைவி என்ற முறையில் "மன்னி" என்று கூப்பிட்டாயே தவிர, முதல் வாரத்திலேயே என்னை "நீ" என்று பேச ஆரம்பித்துவிட்டாய். உன் அம்மா கண்டித்தாள். "என் கிளாஸ்ல படிச்சிருக்க வேண்டியவம்மா இவ. இவளைப் போய் நீங்கோ வாங்கோன்னா சிரிப்பா வருமே" என்றாய்.

தி. நகரில் இன்சூரன்ஸ் ஆபீசில் உனக்கு வேலை. அடையாறில் ஒரு கட்டடக்கலைஞர் அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. காலையில் உன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு, உன் வழி இல்லாத வழியில் அடையாறு வரை வந்து இறக்கிவிட்டுப் போவாய். பெட்ரோல் வீண் என்று உன் அண்ணன் சொன்னால், "பேசிண்டு போறதுக்கு வேற எங்க நேரம் இருக்கு?" என்பாய். கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானித்தவள் நீ. ஏன் வேண்டாம் என்று கேட்ட உறவுக்காரர்களிடம், "ஏன் வேணும்னு நீங்க மொதல்ல சொல்லுங்கோ, யோசிக்கறேன்" என்று நிஜமாகவே காத்திருப்பாய். யாரும் சொன்னதில்லை.

போர்வை ஆரம்பித்தது ஒரு நவராத்திரியில். ஊரிலிருந்த கொலுவுக்கெல்லாம் போய்விட்டு வந்து, தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகளைக் கட்டிலில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தோம். உனக்குத் திடீரென்று சிரிப்பு தாங்கவில்லை.

"மன்னி, இந்த ஊதாவைப் பாரு. மூலையில பேனா மை. இது நம்மாத்துலேந்து போனது. மையைக் கொட்டினதே நான்தான்."

ஊரெல்லாம் சுற்றிவிட்டு அந்த ஊதாத் துணி பிறந்த வீட்டுக்கே வந்திருந்தது. யாரும் தைத்துப் போட்டுக்கொள்ளாமல், வந்த கையோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தே பழகிய துணிகள். பீரோவின் அடித்தட்டு முழுக்க அவைதான். "இதுகளுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்றாய். மறுநாளே ஒட்டுப் போர்வை தைப்பது எப்படி என்று போனில் யாரோ ஒருத்தியின் வீடியோவைப் போட்டுக் காட்டினாய்.

கத்தரிக்கோலை எடுத்ததும் உன் அம்மா வந்து நின்றாள். "தாம்பூலத்துல வந்ததைக் கத்தரிக்கப்டாதுடி."

"கத்தரிக்கறதுக்கு இல்லம்மா. சேக்கறதுக்கு" என்று சொல்லி ஊதாவிலேயே ஆரம்பித்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு ஆனதும் கூடத்தில் பாயைப் போட்டு உட்காருவோம். எந்தச் சதுரம் எங்கே வரவேண்டும் என்று நான் கட்டம் போட்ட தாளில் வரைந்து வண்ணம் தீட்டி வைப்பேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு உனக்குத் தோன்றியபடி அடுக்குவாய். சண்டை வரும். மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சள் வரக்கூடாது என்பேன். வந்தால் என்ன, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்பாய். ஒரு சிவப்புத் துணி சாயம் விட்டு அக்கம்பக்கத்தையெல்லாம் ரோஜா நிறமாக்கியது. அதற்குப் பிறகுதான் எல்லாத் துணியையும் முதலில் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டுத் தைக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டோம். கடைசியில் மேல்துணி ஒரு கட்டில் அளவுக்கு வந்தது. சுற்றிக் கரை வைக்கவேண்டும். அடியில் பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைக்கவேண்டும். அதற்குள் வீடு மாறிவிட்டது.

உன் அண்ணனுக்குப் பூனாவுக்கு மாற்றலாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதா என்ற பேச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. லீவில் வந்தவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "எனக்கு அங்க வேற ஒரு வாழ்க்கை அமைஞ்சுடுத்து."

உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நீ மட்டும் அவரை நேராகப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாய்.

"அமைஞ்சுதா, அமைச்சிண்டியா?"

எனக்காக அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது.

அடுத்த வாரமே நங்கநல்லூரில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினேன். நான் பெட்டியோடு வாசலுக்கு வரும்போது உன் அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. உன் அண்ணன் சொன்னதைவிட அவள் சொல்லாததுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

கோர்ட்டில் எல்லாம் சுமுகமாகவே முடிந்தது. சம்மதித்துப் பிரிகிறோம் என்று இருவரும் சொன்னோம், பிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் உன் போனை எடுக்கவில்லை. உன்மேல் கோபம் எதுவும் இல்லை. உன் பெயர் போனில் வரும்போதெல்லாம் அந்த வீடு மொத்தமும் கூடவே வந்தது, அவ்வளவுதான். வேலைக்குப் போனேன், வந்தேன், ஒருத்திக்குச் சமைத்தேன். ஒருத்திக்குச் சமைப்பதில் அளவு பிடிபடவே எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே ஆட்டோ வந்து நின்றது. நீ இறங்கினாய். உனக்குப் பின்னாலேயே ஒரு பெரிய மூட்டை. அதற்குப் பின்னால் உங்கள் வீட்டுத் தையல் மிஷின்.

"இன்னாமா, வீட்டையே காலி பண்ணிக்கினு வந்துட்டியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வீடு அங்கயேதான்பா இருக்கு. அந்த மிஷினைப் பாத்து இறக்கு, கால் ஆடும்."

"ஆடாமயே இம்மாம் கனம் கீது. எத்தினியாவது மாடி?"

நீ அண்ணாந்து பார்த்து என்னைக் கையால் காட்டினாய். "அதோ, தெரியாத மாதிரி நிக்கறாளே, அந்த மாடி."

அவரும் நீயுமாக மிஷினைத் தூக்கி வந்து என் வாசலில் வைத்தீர்கள். அவர் போன பிறகு நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உன்னை உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"எதுக்கு இதெல்லாம்? அந்தாத்து சம்பந்தமே எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஜட்ஜ் உன்னையும் அண்ணாவையும்தானே பிரிச்சார்? ஆர்டரை முழுக்கப் படிச்சுப் பாத்துட்டேன். என் பேரே அதுல இல்லை."

"என்னை இனிமே மன்னின்னு கூப்பிடாதே."

"பின்ன எப்படிக் கூப்பிடறது? உன் பேர் என் வாயில வராது. தள்ளு, மூட்டையால கை வலிக்கறது. பாதி வேலையை வெச்சுட்டு வந்துட்டே. கரை யாரு வெக்கறது?"

தள்ளி நின்றேன். நீ உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, என் கூடத்தின் தரையில் அந்த மேல்துணியை விரித்துப் போட்டாய். அன்றைக்கு நான் அழுதேன் என்று நீ பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறாய். வாஸ்தவம்தான். ஆனால் அழுதுகொண்டே, மஞ்சளுக்குப் பக்கத்தில் நீ வைத்திருந்த மஞ்சளையும் பார்த்து ஒரு குறை சொன்னேன். அதை நீ யாரிடமும் சொன்னதில்லை.

கரைக்கு நீ கொண்டுவந்திருந்தது ஓர் அரக்குப் பருத்திப் புடவை. உன்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும் உன் அம்மா அதைத்தான் கட்டிவிடுவாள். "இதைக் கட்டிண்டு எத்தனை பேருக்கு பஜ்ஜி குடுத்திருக்கேன் தெரியுமோ? இனிமே இது படுத்துக்கட்டும்" என்று சொல்லி, நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டினாய். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் துணி வெட்டி நான் பார்த்ததில்லை. கிழிசலும் நைந்த இடமும் போக மிஞ்சிய பட்டைகளைச் சாய்வாக வைத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தோம். நேராகச் சேர்த்தால் தையல் ஒரே இடத்தில் தடித்துக்கொண்டு தெரியும், சாய்த்துச் சேர்த்தால் கண்ணுக்குப் படாது.

பிறகு நீ அவசரப்பட்டாய். பட்டையின் நுனியைப் போர்வையின் மூலையில் வைத்து மிஷினில் கொடுத்து, தைத்துக்கொண்டே போய், மறுமூலை வந்ததும் மிச்சத்தை வெட்டிவிட்டாய். நாலு பக்கமும் அப்படியே. நான் காப்பி போடப் போன நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் விரித்தோம். கரை முழுக்க அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாய். "மன்னி, இது போர்வை இல்லை, பொரிச்ச அப்பளம்."

நங்கநல்லூர் வீட்டில் நான் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

மறு வாரம் கரையை முழுக்கப் பிரித்தோம். ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் வரைபடக்காரி. தாளில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். இஞ்ச் டேப்பை எடுத்துப் போர்வையின் இரண்டு ஓரங்களையும் அளந்தேன், ஆளுக்கொரு அளவு சொல்லின. அந்த ஓரங்களுக்கு இணையாக நடுவில் வைத்து அளந்தேன். இரண்டைவிடவும் குறைவு. எடுத்து, மடித்து, இழுத்து, ஆட்டோவில் கட்டி, கைபட்டுக் கைபட்டு ஓரம் நீண்டிருந்தது. நடு அப்படியே இருந்தது. நீண்டுபோன ஓரத்தின் அளவுக்குக் கரை வைத்தால் கரையும் கூடவே நீண்டு அலையத்தான் செய்யும்.

"அப்போ நடுவை அளந்துண்டு, அந்த அளவுக்குக் கரையை வெட்டணும்" என்றேன். "ஓரம்தான் அதுக்கு அடங்கிவரணும்."

நீதான் அதற்கு வழி கண்டுபிடித்தாய். கரையை இரண்டாக மடித்து நடுவில் ஒரு குண்டூசி, போர்வையின் ஓரத்துக்கு நடுவில் ஒரு குண்டூசி, இரண்டையும் சேர்த்தாய். பிறகு மூலைக்கு மூலை. பிறகு இடையில் நெருக்க நெருக்கமாக ஊசி குத்தி, மிச்சமிருந்த தளர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுவிட்டாய். நீளப் பக்கம் இரண்டும் முடிந்த பிறகுதான் அகலப் பக்கத்தை அளக்கவேண்டும், புதிதாக வந்த கரையையும் சேர்த்து. அதையும் தைத்துப் பிரித்துத்தான் கற்றோம். சாயங்காலம் விரித்தபோது போர்வை தரையோடு தரையாகப் படிந்தது. நீ அதன்மேல் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டாய்.

அன்றிலிருந்து ஞாயிறு நம்முடையது. பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, மூன்றையும் பிடித்து ஓட்டுத்தையல் போட்டு முடிக்க அந்த வருஷம் போயிற்று. முடிந்ததும் உன்னிடமே கொடுத்தேன். ஒளித்து வைப்பாய் என்று நினைத்தேன். நீ மயிலாப்பூர் வீட்டில் உன் கட்டிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி விரித்துப் போட்டாயாம்.

"யாரு தெச்சது?" என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள்.

"நானும் மன்னியும்."

அவள் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரை நன்னா படிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். அதை நீ என்னிடம் வந்து சொன்னபோது, கட்டடம் எழும்பிய பிறகு அதன் வரைபடத்துக்கு ஒப்புதல் கையெழுத்து கிடைத்தது போல எனக்கு இருந்தது.

உன் அண்ணன் போனில் கத்தியதையும் சொன்னாய். தனக்கு இரண்டாவது கல்யாணம் ஆன பிறகும் பழைய மன்னி வீட்டுக்கு நீ போய்வருவது நாலு பேர் பார்வையில் எப்படி இருக்கும் என்று கேட்டாராம். "நீயும் வேணும்னா வந்து போர்வை தைக்கலாம், ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

இப்போது நான் சனிக்கிழமைகளிலும் மற்ற நாட்களின் மாலைகளிலும் உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்கு வித்திட்டதும் நீதான். பக்கத்து வீட்டுக்காரி பேரனுக்கு ஒன்று கேட்டாள், உன் ஆபீஸ் தோழிகள் கேட்டார்கள். "இனிமே சும்மா தெச்சுக் குடுக்காதே, போர்டு மாட்டு" என்றாய். மயிலாப்பூர் மாடவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இந்த அறை கிடைத்தபோது, சாவியை வாங்கி முதலில் திறந்தது உன் கைதான். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடித்திருந்தார்கள். "யாரும் வழி கண்டுபிடிச்சு வரமாட்டா" என்றேன். "வரவா வருவா. அப்பளத்தைத் தூக்கிண்டு வருவா" என்றாய். வருகிறார்கள்.

உனக்கு உடம்புக்கு வந்ததை நீ போனில்தான் சொன்னாய். வழக்கமாகச் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லையே நீ.

"மன்னி, டாக்டர் நல்லதா ஒண்ணும் சொல்லலை. அம்மாவால தனியா முடியாது. நீ ஆத்துக்கு வா."

"எந்த ஆத்துக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு வேளச்சேரி போய்ப் பறக்கும் ரயில் பிடித்தேன். மயிலாப்பூரில் இறங்கியதும், தையல் அறைக்கு வந்துபோகும்போதெல்லாம் நான் தவிர்த்த உங்கள் தெருவுக்குக் கால் தானாகவே வழி கண்டுபிடித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாசலில் நின்று மணியடிக்கும்போது, உன் அம்மா ஏதாவது கேட்டால் உன்னை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். என்னையும் பையையும் பார்த்தாள்.

"செருப்பை உள்ள விடு. வெளியில நாய் தூக்கிண்டு போயிடறது" என்றாள்.

அவ்வளவுதான் வரவேற்பு. நான் தங்கிவிட்டேன். காலையில் அங்கிருந்தே அடையாறுக்குப் போனேன், சாயங்காலம் அங்கேயே திரும்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் லீவு போட்டேன். என் அலுவலகத்தில் யார் யாரோ என்னென்னவோ கேட்டார்கள். எனக்கு யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு காலத்தில் மாட்டுப்பெண்ணாக அந்த வீட்டில் நடந்தபோது எனக்கு இருந்த கூச்சம் எதுவும் இப்போது இல்லை. கூப்பிட்டாய், வந்தேன்.

உனக்கு எப்போதும் குளிரிக்கொண்டே இருந்தது. உன் அம்மா தன் கட்டிலை உன் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுத்தாள். ஒரு போர்வைதான். நீ அவள் பக்கம் தள்ளுவாய், அவள் உன் பக்கம் தள்ளுவாள். காலையில் நான் பார்க்கும்போது அது நடுவில் சுருண்டு கிடக்கும், இரண்டு பேரும் போர்த்தியிருக்க மாட்டீர்கள்.

"இதைப் பெரிசு பண்ணு மன்னி. இன்னொரு கரை வெச்சுடு" என்றாய்.

"வேற போர்வை தரேனே?"

"இதுதான் வேணும்."

பஞ்சு வைத்துத் தைத்து முடித்துவிட்ட போர்வைக்குப் புதிதாகக் கரை வைப்பது சள்ளை பிடித்த வேலை. ஓரத்தை மடித்துத் தைத்திருந்த பட்டியைப் பிரிக்கவேண்டும். மேலே ஒரு பட்டை, அடியில் ஒரு பட்டை, நடுவில் புதுப் பஞ்சு என்று மூன்றையும் பழைய பஞ்சோடு முட்டவைத்துச் சேர்க்கவேண்டும். என்ன துணி போடுவது என்று நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது உன் அம்மா பீரோவைத் திறந்து ஒரு கருநீலப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உன் அப்பா வாங்கிக் கொடுத்ததாம். அவர் போன பிறகு அவள் அதைக் கட்டவில்லை.

"அம்மா, இதை வெட்டணுமே" என்றேன்.

"தெரியும். சேக்கறதுக்குத்தானே?"

நீ கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாய். பல வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

கூடத்தில் பாயை விரித்தோம். இஞ்ச் டேப்பின் ஒரு நுனியை அவள் பிடித்தாள், மறு நுனியை நான். நடுவில் வைத்து அளக்கவேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கல்யாணம் ஆகி அத்தனை வருஷம் ஒரே சமையலறையில் நின்றிருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது அதுதான் முதல்முறை. குண்டூசி குத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அன்னிக்கு நில்லுன்னு சொல்லியிருக்கணும் உன்னை."

"சொல்லியிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன்மா."

"நீ நின்னிருக்க மாட்டே. நான் சொல்லியிருக்கணும்."

என் கண் கலங்கிற்று. ஊசி தெரியவில்லை. உள்ளேயிருந்து உன் குரல் வந்தது, மெலிந்து, ஆனால் அதே அதிகாரத்தோடு. "ரெண்டு பேரும் பேசிண்டே துணியை இழுக்காதீங்கோ. அப்பளம் ஆயிடும்."

அந்தக் கரை படிந்தது. இரண்டு கட்டிலையும் மூடி இரண்டு பக்கமும் தொங்கிற்று. அதற்குக் கீழே நீயும் உன் அம்மாவும் தை மாதம் முழுக்கப் படுத்திருந்தீர்கள். மாசியில் ஒரு காலை, வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு, அவள் பக்கத்திலேயே நீ போனாய். என் கை உன் காலில் இருந்தது.

உன் அண்ணன் வந்தார். அவர் மனைவியும் வந்திருந்தாள். எனக்கு அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, கோபமும் இருக்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் சமையலறைக்கு வந்து, "நான் என்ன பண்ணட்டும்?" என்று தயங்கிக் கேட்டாள். டம்ளர்களைக் கழுவச் சொன்னேன். கழுவினாள். பத்தாம் நாள் கூடம் நிறைய உறவுக்காரர்கள். சடங்கு செய்ய வந்த வாத்தியார் மாட்டுப்பெண்ணை முன்னால் வரச் சொன்னார். அவள் போய் நின்றாள், அதுதான் முறை. நான் சுவரோரமாக நின்றேன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாததில்லை.

"இவ எந்த முறையில இங்க நின்னுண்டிருக்கா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டார். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கீழே உட்கார்ந்திருந்த உன் அம்மா திரும்பினாள். பத்து நாளாக அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

"அவ என் பொண்ணோட மன்னி" என்றாள். "நீங்க ஆரம்பிங்கோ, வாத்தியாரே."

வாத்தியார் ஆரம்பித்தார்.

உன் அம்மா இப்போது பூனாவில் பிள்ளையோடு இருக்கிறாள். சாவு வீட்டுப் படுக்கையை யாருக்காவது கொடுத்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது, மெத்தையைக் கொடுத்தாள், தலையணையைக் கொடுத்தாள், போர்வையைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வாரம் ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுகிறாள். அங்கே குளிர் அதிகமாம். போர்வை தலையிலிருந்து கால்வரை போதுகிறதாம். அந்தப் பெண் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று அவளே சொன்னாள். எனக்கும் நிம்மதி.

நான் நன்றாக இருக்கிறேன். இதை உனக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கிறேன். தைக்கிறேன், வரைகிறேன், ஒருத்திக்கான சமையலில் அளவு தவறுவதில்லை. உன்னை நினைக்கும்போது எனக்கு அழுகையைவிட ஒரு தைரியம்தான் முதலில் வருகிறது. அது எங்கே போய் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

போன மாதம் என் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் புதிதாகக் குடிவந்த பெண்ணின் வீட்டில் மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை. கைக்குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. கணவன் எங்கோ போய்விட்டான் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். பாவம், நம்மைக் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாமல் எப்படி என்றார்கள். நான் பாத்திரத்தில் ரசம் சாதம் கலந்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தாள். தலை கலைந்திருந்தது, குழந்தை தோளில் இருந்தது.

"நான் யாரையும் கூப்பிடலையேக்கா" என்றாள்.

"கூப்பிட்டா யார் வேணும்னாலும் வருவாங்கம்மா" என்றேன்.

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.